வெளிநாட்டுச் சில்லறை: காசு கொடுக்காமல் காசு சேர்ப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் கையில் மிஞ்சிய தாள்களைப் பணம் மாற்றும் கடையில் நீட்டினால் ரூபாய் கிடைக்கும். சில்லறையை நீட்டினால் உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "காயின் எடுக்கிறதில்ல சார்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காசு கனம் அதிகம், மதிப்பு குறைவு. சேர்த்து வைத்து அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கே கட்டாது. அதனால் அந்தச் சில்லறை பேன்ட் பையோடு ஊர் வந்து சேர்கிறது. பிறகு மேசை இழுப்பறை, சாமி படத்தின் பின்புறம், பீரோவில் பழைய பர்ஸ் என்று எங்காவது ஒதுங்கிவிடுகிறது. எங்கள் சித்தப்பா வீட்டில் அது நிடோ பால்பவுடர் டப்பா. வளைகுடாவில் வேலை பார்த்தவர் வீடுகளில் இந்த டப்பாவைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

வெளிநாட்டு நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உங்களுக்கு வேண்டிய காசு கடையில் இல்லை. யாருக்கும் உதவாமல், தூக்கிப் போடவும் மனம் வராமல், உங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் கிடக்கிறது.

நாணயம் சேர்ப்பது என்றதும் பலருக்குச் சோழர் காசும் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாயும்தான் நினைவுக்கு வரும். அது வேறு உலகம். அதற்குப் பணமும் வேண்டும், போலியைக் கண்டுபிடிக்கும் கண்ணும் வேண்டும். சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளவென்று அடித்து, பெட்டியில் வைத்து விற்கும் நாணயங்களும் உண்டு. அவை எந்த டீக்கடைக் கல்லாவையும் பார்த்ததில்லை. நான் இங்கே பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி. பஸ் டிக்கெட்டுக்கும் பால் பாக்கெட்டுக்கும் ஒரு நாட்டு மக்கள் கை மாற்றிக்கொள்ளும் சாதாரணக் காசு, அதாவது புழக்கக் காசு. கீறலும் தேய்மானமும் இருக்கும். பெரும்பாலும் விலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

யாரிடம் கேட்பது?

கூச்சம்தான் பெரிய தடை. "மாமா, துபாய்ச் சில்லறை ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒழிந்தது என்று அள்ளிக் கொடுப்பவர்களே அதிகம். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்பதைவிட, கிளம்பும் முன் சொல்லி வைப்பது நல்லது. "கடைசி நாளில் கையில் இருக்கும் சில்லறையில் வகைக்கு ஒன்று கொண்டு வாங்க" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "காசு கொண்டு வாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் ஒரே காசு பத்து வந்து சேரும்.

யார் எங்கே போகிறார்கள் என்று யோசித்தால் எந்தக் காசு எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். புதுச்சேரியில் பிரான்சோடு தொடர்புள்ள குடும்பங்கள் நிறைய; அங்கே ஒரு நண்பர் இருந்தால் யூரோ கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பழைய பிராங்கும் கிடைக்கும். அமெரிக்கக் கால் டாலருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் யாரையாவது பிடியுங்கள். திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய முக்திநாத்துக்குப் போய் வருகிற பெரியவர்களிடம் நேபாளக் காசு இருக்கும். யாத்திரைக் குழுவில் போனவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பிரசாதத்தோடு சேர்ந்து வரும்.

சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒரு நடை போய் வரலாம். பழைய சாமான்களுக்கு நடுவே காசு விற்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். தட்டில் குவித்து வைத்திருக்கும் கலவையில் நீங்களே பொறுக்கி எடுக்கக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் மட்டும் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கேட்டே வாங்கக்கூடிய காசுக்கு விலை கொடுத்தோம் என்பது பின்னால் தெரியும்போது வயிறு எரியும். எனக்கு எரிந்தது.

சட்டம் பற்றிச் சிலருக்குப் பயம் உண்டு. வெளிநாட்டுத் தாள்களை வைத்துக்கொள்ள இந்தியாவில் வரம்பு இருக்கிறது, 2,000 டாலர் மதிப்பு வரைதான். நாணயங்களுக்கு அந்த வரம்பு இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிமுறைகள், வெளிநாட்டு நாணயங்களை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. டப்பா நிறைந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதலில் தமிழ் எழுத்தைத் தேடுங்கள்

டப்பாவைக் கொட்டியதும் நான் முதலில் செய்வது தமிழ் எழுத்து உள்ள காசுகளைத் தனியே பிரிப்பது. நம் இந்தியக் காசில் வழக்கமாக இந்தியும் ஆங்கிலமும்தான் இருக்கும். அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருப்பது போன்றவை விதிவிலக்கு. ஆனால் சிங்கப்பூர்க் காசில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கிறது, அதில் ஒன்று நம் எழுத்தில் 'சிங்கப்பூர்'. இலங்கைக் காசில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே 'இலங்கை'. இந்த இரண்டும் தமிழ் வீடுகளில் அதிகம் கிடைக்கும், படிப்பதும் எளிது. ஆரம்பத்துக்கு இவையே போதும்.

சிங்கப்பூரில் இதுவரை மூன்று வரிசைகள் வந்துள்ளன. 1967-இல் தொடங்கிய முதல் வரிசையில் கடல்குதிரை, வாள்மீன் என்று உயிரினங்கள். 1985-இல் தொடங்கிய இரண்டாவது வரிசையில் பூக்களும் செடிகளும். 2013-இல் வந்த மூன்றாவதில் நகரத்தின் அடையாளங்கள்: 10 காசில் அரசுக் குடியிருப்புகள், 20 காசில் சாங்கி விமான நிலையம், 1 டாலரில் சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன். ஒரே நாட்டுச் சில்லறையை இப்படி வரிசை வரிசையாகப் பிரிக்கப் பழகினால் மற்ற நாடுகளும் கைவந்துவிடும். அந்தச் சில்லறைக்குள் 'புருனே' என்று எழுதிய காசு ஒன்று ஒளிந்திருக்கவும் கூடும். 1967 ஒப்பந்தப்படி இரண்டு நாட்டு டாலரும் சம மதிப்பு. அந்த நாட்டுக் காசு இந்த நாட்டிலும் செல்லும். கொடுத்தவருக்கே தெரியாமல் உங்களுக்கு ஒரு நாடு கூடிவிடும்.

இலங்கையின் பழைய 5 சதம் சதுரமானது, 10 சதம் ஓரம் அலையலையாக இருக்கும். தொட்டாலே தெரியும். 2013 என்று ஆண்டு பொறித்த 10 ரூபாயில் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனிக் காசு வந்திருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று தேடத் தொடங்கினால் ஒரு வருடம் ஓடிவிடும்.

தமிழ் எழுத்து இல்லாவிட்டாலும் மலேசியக் காசை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1989 முதல் 2011 வரை அடித்த காசுகளை எடுத்து ஒருபுறம் செம்பருத்திப் பூ இருக்கிறதா என்று பாருங்கள். மறுபுறம் 5 சென்னில் பம்பரம். 10 சென்னில் பல்லாங்குழி, அதை அவர்கள் சொங்காக் என்கிறார்கள். 20 சென்னில் வெற்றிலைப் பெட்டி. 50 சென்னில் பட்டம். நான்கையும் வரிசையாக வைத்தால் நம் பாட்டி வீட்டுத் திண்ணை போல இருக்கும். இதைவிட அழகான சில்லறை வரிசையை நான் பார்த்ததில்லை. 2012-இல் வந்த புதிய வரிசையில் வேறு வடிவங்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆண்டு படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

அரபு எழுத்துக் காசைப் பார்த்ததும் புதியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். படிக்க வேண்டியது பத்து எண்கள்தான், அரை மணி நேர வேலை. புள்ளி என்றால் பூஜ்யம். நேர்கோடு ஒன்று. அந்தக் கோட்டின் தலையில் ஒரு வளைவு இருந்தால் இரண்டு, இரு வளைவு இருந்தால் மூன்று. நம் 3-ஐ இடவலம் திருப்பிப் போட்டது போல இருப்பது நான்கு. வட்டமாக இருப்பது ஐந்து. இதைப் பூஜ்யம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். நம் 7 போல இருப்பது ஆறு. மேலே வாய் திறந்த கூம்பு ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு. ஒன்பது நம் ஒன்பதேதான். அரபு எழுத்து வலமிருந்து இடம் போனாலும், எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

எண்ணைப் படித்துவிட்டால் அடுத்த குழப்பம், 1393 என்று வரும். அறுநூறு வருடப் பழைய காசு கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். அது ஹிஜ்ரி ஆண்டு. 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: 1973. ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் திர்ஹம் காசுகள் அந்த ஆண்டுக்குரியவை. அமீரகக் காசில் நல்ல வேளையாக இரண்டு ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம். சவுதியின் 1 ரியால் காசில் 1438 இருந்தால் கணக்குப்படி 2016–17. இஸ்லாமிய ஆண்டு சந்திரனை வைத்து நகர்வதால் ஓரிரு மாதம் முன்பின் இருக்கும்.

தாய்லாந்தில் புத்த ஆண்டு, 543 கழிக்க வேண்டும். 2560 என்றால் 2017. நேபாளத்தில் விக்ரம ஆண்டு, 57 கழித்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஜப்பானில் பேரரசரின் காலத்தை வைத்துக் கணக்கு. 100 யென் காசில் ஆண்டு வெறும் 20 என்று இருக்கும். ஹெய்செய் காலம் என்றால் 1988 கூட்டி 2008 என்று கொள்ள வேண்டும். இப்போது நடக்கும் ரெய்வா காலத்துக்கு 2018 கூட்ட வேண்டும். ஜப்பானியக் காசில் இன்னொரு வேடிக்கை, 5 யென்னில் நமக்குத் தெரிந்த எண்ணே கிடையாது, மதிப்பும் அவர்கள் எழுத்தில்தான் இருக்கும். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை, ஒரு நெற்கதிர் இருந்தால் அது 5 யென். நடுவில் ஓட்டையோடு வெள்ளை நிறமாக இருந்தால் 50.

எண் இல்லாத காசு ஜப்பானில் மட்டுமில்லை. அமெரிக்கரின் பத்து சென்ட் காசில் '10' என்று எங்கும் இல்லை. 'ஒரு டைம்' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஐந்து சென்ட் காசைவிட அது சிறியது என்பதால் புதிதாகப் போனவர்கள் கடையில் குழம்பாமல் இருப்பதில்லை.

பெயரை வைத்து ஏமாறுவதும் உண்டு. குவைத்திலும் பஹ்ரைனிலும் அமீரகத்திலும் சில்லறைக்குப் பெயர் ஃபில்ஸ். ஆனால் முதல் இரண்டிலும் ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். அமீரகத்தில் நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம். படத்தைப் பார்த்தால் பிரிப்பது எளிது. பாய்மரக் கப்பல் எல்லாக் காசிலும் இருந்தால் குவைத். 1 திர்ஹத்தில் மூக்கு நீண்ட காபிக் கூஜா, ஏழு பக்கமுள்ள 50 ஃபில்ஸில் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள் என்றால் அமீரகம். பஹ்ரைனின் 100 ஃபில்ஸ் இரண்டு உலோகத்தில் இருக்கும். ஓமானின் சில்லறைக்குப் பெயர் பைசா. நம் பைசாவேதான் அது. வளைகுடாவில் பல இடங்களில் 1960-கள் வரை இந்திய ரூபாய்தான் புழங்கியது. 1959-இல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லும்படி தனியாகத் தாள்கூட வெளியிட்டது. ரூபாய் போய்விட்டது, பைசா ஓமானில் தங்கிவிட்டது.

யூரோவைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இப்போதைக்கு இது போதும்: ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அடித்த நாட்டுக்குச் சொந்தம். அயர்லாந்து என்றால் யாழ், கிரேக்கத்தின் 1 யூரோவில் ஆந்தை, இத்தாலியின் 2 யூரோவில் கவிஞர் தாந்தே. பிரான்சுக் காசில் ஆர், எஃப் என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். யூரோ காசு மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரி 1. ஆனால் பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாட்டுக் காசில் 1999 என்று இருக்கும். போலி இல்லை, அவர்கள் முன்கூட்டியே அடித்து அடுக்கி வைத்திருந்தார்கள், அடித்த ஆண்டையே பொறித்தார்கள்.

ஜெர்மன் யூரோவில் ஆண்டோடு ஏ, டி, எஃப், ஜி, ஜே என்று ஏதாவது ஒரு சின்ன எழுத்து இருக்கும். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதன் அடையாளம் அது. இதற்குக் கண்ணைப் பழக்க ஜெர்மனி போக வேண்டாம், உங்கள் பர்ஸிலுள்ள காசிலேயே தொடங்கலாம். ஆண்டுக்குக் கீழே வைரம் போன்ற கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

இன்னும் அடையாளம் தெரியாத காசு இருந்தால், 'நுமிஸ்டா' என்ற இலவச இணையப் பட்டியலில் படத்தையும் விட்டத்தையும் வைத்துத் தேடலாம். வீட்டில் ஒரு காந்தம் இருந்தால் அதுவும் உதவும். பிரிட்டனின் 1 பென்னியைக் காந்தத்திடம் காட்டுங்கள். ஒட்டினால் 1992-க்குப் பிறகு வந்த, செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டால் அதற்கு முந்தைய வெண்கலம். பிரிட்டன் என்றதும் இன்னொன்று: 2008-இல் வந்த வடிவத்தில் 1 பென்னி முதல் 50 பென்ஸ் வரை ஆறு காசையும் சரியாக அடுக்கினால் அரச கேடயத்தின் முழுப் படம் கிடைக்கும். குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், ஒரு மாலை நேரம் நகர்ந்துவிடும்.

தயவுசெய்து கழுவாதீர்கள்

பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் வெண்கலப் பென்னியைப் புளி போட்டு, சாம்பல் தொட்டுக் குத்துவிளக்கு போலத் தேய்த்தேன். பளபளத்தது. ஒரு வாரத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. காசின் மேல் காலப்போக்கில் படியும் மென்மையான நிறம் அதன் தோல் மாதிரி. அதை உரித்துவிட்டால் திரும்ப வராது, சேகரிப்பாளர்களும் தேய்த்த காசைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். ஒட்டும் அழுக்கு என்றால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மலிவான பிளாஸ்டிக் ஆல்பங்கள் பி.வி.சி.யில் செய்தவை, நம் ஊர் வெயிலில் அவை மெல்லக் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுபிசுப்பாகப் படியும். நடுவில் தெளிவான தாள் ஒட்டிய சதுர அட்டைச் சட்டங்கள் கிடைக்கின்றன, அவை நல்லவை. அதுவும் வேண்டாமென்றால் சின்னக் காகித உறை போதும். காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள், விரல் ரேகை உலோகத்தில் பதியும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 'இந்தக் காசு உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி' என்று வரும் வீடியோக்களை நம்பி யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பழைய நோட்டும் காசும் வாங்கி விற்பதாகச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. புழக்கக் காசில் அபூர்வம் இல்லாமல் இல்லை. 2009-இல் பிரிட்டன் அடித்த, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தைக் காட்டும் 50 பென்ஸ் 2,10,000 மட்டுமே வெளிவந்ததால் அதற்குத் தனி மவுசு. ஆனால் அது உங்கள் டப்பாவில் இருக்கும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்க வேண்டாம். செல்லாமல் போன காசுகள் பெரும்பாலும் நினைவுப்பொருள்தான்: பிரான்சு பிராங்க் காசை 2005-க்குப் பிறகு அந்நாட்டு மத்திய வங்கியே மாற்றித் தருவதில்லை. ஆனால் ஜெர்மனி பழைய மார்க்கை இன்றும் கெடுவில்லாமல் மாற்றித் தருகிறது.

ஒரே காசு நாலைந்து சேர்ந்துவிட்டால் அதுதான் உங்கள் முதலீடு. இன்னொரு சேகரிப்பாளரின் உபரியோடு மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நண்பர் இருந்தால் இன்னும் சுலபம், பன்னிரண்டு பக்கமுள்ள நம் 20 ரூபாய் அவருக்கு வெளிநாட்டுக் காசு. தபாலில் காசு அனுப்ப விதிகள் குறுக்கே வரும், அதனால் யாராவது வரும்போது கையில் கொடுத்தனுப்புவதே நல்லது.

கடைசியாக, ஒவ்வொரு உறையிலும் நாடு, மதிப்பு, ஆண்டு எழுதுவதோடு யாரிடமிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதி வையுங்கள். நான் பல வருடம் எழுதாமல் விட்டேன். எந்தக் காசு யார் கொடுத்தது என்று இப்போது பாதி மறந்துவிட்டது. நிடோ டப்பாவில் இருந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதன் உறையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'குவைத், 50 ஃபில்ஸ். சித்தப்பா கொடுத்தது. 1990 போரில் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக ஊர் வந்தபோது அவர் சட்டைப் பையில் இருந்தது.'